ஒரு சாவி கேட்கிறேன்: வேலூர் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாநகராட்சி மேயர், ஆணையர், 60 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. பழைய வட ஆர்க்காட்டின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தேன். இப்போது வேலூர் சைதாப்பேட்டையில் குடியிருக்கிறேன். எனக்கென்று எதையும் கேட்டு இதை எழுதவில்லை. ஊருக்கு ஓர் அறை கேட்கிறேன். அது எப்படிப்பட்ட அறை என்பதை ஒரு மனுவின் நான்கு வரிகளில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

கடந்த மாசி மாதம் மாமல்லபுரம் போயிருந்தேன். துணைக்குத் தங்கை மகள் வந்தாள். காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் பஸ் மாறி இறங்கும்போது உச்சிவெயில். வேலையில் இருந்த காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். நான்கு முறையும் விசில் ஊதுவதும் வரிசை பார்ப்பதும் தலை எண்ணுவதுமாகவே பொழுது போய்விட்டது. இந்த முறை அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்த ஒடுங்கிய உடம்பில் விலா எலும்புகூடத் தெரிகிறது. யானைகளின் பக்கம் வந்தால், அதே போலக் கை தூக்கித் தவம் செய்யும் பூனை. அதன் காலடியில் எலிகள்.

அது பகீரதன் தவம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் வளர்ந்த எனக்கு அவன் அர்ச்சுனன்தான். பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது ஊர்த் திடலில் தபசு மரம் நடுவார்கள். நெட்டையான பனைமரம். குறுக்கே படிக்கட்டைகள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் மேலிருந்து வீசுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்துக் காத்திருப்பார்கள். ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் என் அத்தை அப்படி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இதைப் பாறைக்கு முன்னால் நின்று தங்கை மகளிடம் சொன்னேன். வேலூரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். "தபசு மரமா? நான் பார்த்ததே இல்லையே, பெரியம்மா" என்றாள். அது நெஞ்சில் தைத்தது. அந்த நினைப்போடுதான் கடற்கரைப் பக்கம் நடந்தோம்.

மீனவர் குப்பத்தை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு கதவு திறந்து கிடந்தது. பெயர்ப்பலகை இல்லை. சுவரில் நீலச் சாயத்தில், குழந்தைக் கையெழுத்தில், "உள்ளே வரையலாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். யாரும் யார் என்று கேட்கவில்லை. ஒரு சிறுவன் பாயின் ஓரத்தைக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவ்வளவுதான் வரவேற்பு.

ஒரு காலத்தில் வலை போட்டு வைத்த அறை அது. 20 அடி நீளம், 12 அடி அகலம் இருக்கும். தகட்டுக் கூரை, சிமென்ட் தரை. உப்பும் மீனும் கலந்த பழைய வலை வாசம் சுவரை விட்டு இன்னும் போகவில்லை. குறுக்கே துணி காயப்போடும் கொடி கட்டி, அதில் கிளிப் மாட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய வலை மிதவைகளுக்குக் கண்ணும் மூக்கும் தீட்டிச் சரமாகக் கோத்திருந்தார்கள். சிற்பக்கூடத்தில் வேலை பழகும் இளைஞன் ஒருவன், கூடத்தில் கழித்துப்போட்ட கல் துண்டை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் உளிச் சத்தம் ஓய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக இருக்கிறது. பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட ஊர். அத்தனையும் இருக்கிற ஊரிலும், பட்டறையில் நாளெல்லாம் கூலிக்குக் கல் செதுக்கிய பையனுக்குத் தன் மனத்தில் தோன்றியதைத் தேய்த்துப் பார்க்க அந்த வலை அறை தேவைப்பட்டிருக்கிறது.

மூலையில் ஒரு பெரியவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மீன் வரைந்துகொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போனவர். பார்வை மங்கிவிட்டதால் இப்போது கரையில் இருக்கிறார். பென்சிலைத் துடுப்புப் பிடிப்பது போல முழுக் கையால் பிடித்திருந்தார். சங்கரா மீன். முதுகு முட்களை ஒவ்வொன்றாக, அழுத்தி, கீழிருந்து மேலாக இழுத்தார். பக்கத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதைப் பார்த்து வரைந்தாள். முதுகை மட்டும் ரம்பப் பல் போல வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் முடித்துவிட்டாள். பெரியவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முள்ளை எண்ணிப் போடு, கண்ணு. குத்து வாங்கியவன் எண்ணாமல் விடமாட்டான்" என்றார். உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலுக்கு அடியில் வெளுத்துக் கிடந்த தழும்பைக் காட்டினார். அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரப்பரால் முதுகை அழித்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மறுபடி போட்டாள். கடைசி முள் தாளின் விளிம்பைத் தாண்டிப் பாயில் போய் முடிந்தது. யாரும் அவளைக் கடியவில்லை.

31 ஆண்டுகள் நானும் "கவனித்து வரையுங்கள்" என்று வகுப்பில் சொன்னேன். 40 நிமிடப் பீரியடில், 50 பிள்ளைகளுக்கு நடுவில், கரும்பலகையில் நான் வரைந்த மாம்பழத்தைப் பார்த்து அவர்கள் மாம்பழம் வரைந்தார்கள். முள் குத்திய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரைவதற்குப் பள்ளிக்கூடத்தில் வழி இல்லை. வீட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் வேறு வேறு வயதுக்காரர்கள் ஒரே பாயில் உட்கார வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சங்கரா மீன்தான்.

அறைக்கு எதிரே ஓர் இட்லிக் கடை. கடை நடத்தும் அம்மாதான் அறைக்குப் பொறுப்பு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுனாமி அடித்த 2004-க்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் கொடுத்து வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் அலையையே வரைந்தார்கள். வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள், பிள்ளைகள் வரைவதை விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் இந்த வலை அறையைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, பூட்டும் போட்டார். நல்ல மனிதர். ஆனால் சாவி அவரோடு சென்னையில் இருந்தது. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கதவு திறக்கும். வராத ஞாயிறு பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், டீச்சர். சாவியை என் கடையில் மாட்டிவிட்டுப் போங்கள், ஐயா என்றேன். அன்றிலிருந்து கதவு பூட்டிய நாள் கிடையாது" என்றார். இட்லிப் பானைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆணியில் அந்தச் சாவி தொங்கியது. நீராவியில் பித்தளை பச்சை பிடித்திருந்தது. மாலை நான்கு மணிக்கு, பள்ளி விட்டு வரும் முதல் பிள்ளை அதை எடுத்துப் போய்த் திறக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கடைசியாகப் போகிறவர் பூட்டிவிட்டு வந்து மாட்டுகிறார். மின்கட்டணத்தை ஊர்ப் பஞ்சாயத்தார் கட்டுகிறார்கள். தாள், அச்சகத்தில் வெட்டிக் கழித்தது.

"ஏதாவது திருட்டுப் போயிருக்கிறதா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு கத்தரிக்கோல் போனது. மறுநாள் திரும்பி வந்துவிட்டது. யார் வீட்டிலோ பாவாடை வெட்டியிருப்பார்கள்" என்றார்.

மறுநாள் சென்னை வழியாகத் திரும்பினோம். ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி, சோழமண்டல ஓவியர் கிராமத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். அது பெரிய பெயர், வலை அறையோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அதன் தொடக்கத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படிப்பு முடித்து வெளியே போகும் மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலையில் சேர்ந்து தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்தார். வரைகிறவர்கள் கைத்தொழில் செய்து வாழலாம், மீதி நேரத்தில் தங்கள் ஓவியத்தை வரையலாம் என்று தோழர்களையும் மாணவர்களையும் சேர்த்துச் சங்கம் அமைத்தார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்றுச் சேர்த்த பணத்தில் கடலோர மணலில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் குடியேறினார்கள். வங்கக் கடலின் கரையில் 60 ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கிராமம், துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்தவர்களின் சம்பாத்தியம். திறந்தவெளி அரங்குக்குப் பாரதியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, நம் ஊரில் வரைகிறவர்கள் எத்தனை பேர் இப்படி ஒன்றுகூடி உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். உட்கார இடம் எங்கே?

இனி வேலூர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களின் ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்க ஆசைப்பட்டேன். மொத்தம் 64 படங்கள். வாடகை கட்டுப்படியான இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அரை நாளைக்குப் பேசினேன். சுவரில் ஆணி கூடாது, பசை நாடாவும் கூடாது என்றார்கள். படங்களைச் சாப்பாட்டு மேசைகளில் படுக்க வைத்தோம். பார்க்க வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மதியம் ஒரு மணிக்கெல்லாம் வரவேற்பு விருந்துக்கு மேசை துடைக்க ஆள் வந்துவிட்டார்கள். அவசர அவசரமாக எடுத்துக் கட்டினோம். அப்போது ஒரு பையனின் அம்மா, தோல் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து, இரண்டு பஸ் மாறி, மூச்சிரைக்க வந்து நின்றார். மகனின் படம் கட்டுக்குள் போயிருந்தது. கட்டை அவிழ்த்தேன். மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குக் கீழே நின்று அவர் அதைப் பார்த்தார். படத்தில் இருந்தது அவருடைய இரண்டு கைகள், நகக்கண்ணில் சாயம் ஏறிய கைகள். அவர் தம் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். பின்னால் நாதஸ்வரக்காரர்கள் உள்ளே போக வழி கேட்டார்கள். நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம்.

அந்தத் தாய்க்கு அந்தப் படத்தின் முன்னால் நிற்கக் கால் மணி நேரம் கிடைத்திருக்க வேண்டும். யார்மீதும் குறை சொல்லி இதை எழுதவில்லை. விருந்துக்குக் கட்டிய கூடம், விருந்துக்குத்தானே அவர்களுக்கு வேண்டும். படத்துக்கென்று ஒரு சுவர் நம் பகுதியில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கலை இல்லாத ஊரா இது? கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பாருங்கள். விரிஞ்சிபுரத்துக்கு வாருங்கள், திருவாரூர்த் தேருக்கு நிகராகத் "திருவிரிஞ்சை மதிலழகு" என்று ஊரார் வாயில் நின்ற மதில் அது. காட்பாடியைத் தாண்டினால் கரிகிரி. மெருகேற்றிய மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். குடியாத்தத்தில் தறி. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகையின் கூரையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் உதிர்ந்தது போக மிச்சம் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே காகிதப்பட்டறை, கொசப்பேட்டை என்று தொழில்களின் பெயரைத் தாங்கிய தெருக்களில்தான் நாம் விலாசம் எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கூத்து. கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜக்கீர்த்தியும் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்து, தலையில் தூக்கி விடிய விடிய ஆடுகிற கலை நம் மண்ணுடையது. அந்தக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்வைக்குப் பொன்மலை, தூக்கினால் காய்ந்த சுரைக்குடுக்கை. அதனால்தான் அதைச் சுமந்து சுழன்று ஆட முடிகிறது. பதினெட்டாம் போரன்று திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைப்பார்கள். ஓர் ஆள் உயரமா, இரண்டு ஆள் உயரமா? தெருவை அடைத்துக்கொண்டு கிடப்பான். ஊரே மண் சுமந்து, முகத்துக்கு வண்ணம் தீட்டி, மீசை முறுக்கி, தொடையில் செந்நீர்க் கலயம் புதைத்து உருவாக்கும் சிற்பம். படுகளம் முடிந்ததும் அது மறுபடி மண்ணாகிவிடும். ஊர்கூடிச் செய்யும் கலை என்றால் இதைவிட வேறென்ன? 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. புரிசை போன்ற கூத்தூர்கள் முதல் பிரிவிலேயே திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயின. கூத்துக்காரர்கள் எல்லைக் கல்லைப் பார்த்து ஆடுவதில்லை. ஆனால் வேலூர் நகரத்துப் பிள்ளை ஒன்று அவர்களிடம் போய், கட்டை செதுக்குவதைப் பகலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் இங்கே கிடையாது. தங்கை மகள் தபசு மரத்தைப் பார்க்காமல் போனதற்கு அவளா காரணம்?

இன்னொரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். நம் ஊரில் நோயாளிக்குத் துணையாக வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் கடைப்பலகைகளே வங்க எழுத்தில் பேசுகின்றன. சோதனை முடிவு வரும்வரை அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பயம் மட்டும் இருக்கிறது. ஒருநாள் விடியற்காலை, ஒரு விடுதியின் படியில் வங்காளத்து அம்மா ஒருவர் ஆல்பனா போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அரிசி மாவைக் கரைத்து, துணி முனையில் நனைத்து, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டுக் கொடியும் இலையும் இழுத்தார். நம் கோலத்துக்குப் புள்ளி உண்டு. அவருக்குப் புள்ளி வேண்டியிருக்கவில்லை. எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் உட்கார்ந்து பக்கத்துப் படியில் நெளிக்கோலம் ஒன்று போட்டேன். அவர் சிரித்தார், கணவரின் மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினார், அழுதார். பத்து மணிக்குள் படியைக் கழுவிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு மாலையில் போய் உட்கார ஒரு பாய் இருந்திருந்தால்?

ஓர் அறையால் என்ன ஆகிவிடும் என்று இந்த ஊரில் யாரும் கேட்கக்கூடாது. சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கிய ஊர் இது.

நான் கேட்பது இதுதான். பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், முற்றத்தில் வேப்பமரம். எந்தத் தெரு என்பதைத் தனி மனுவில் கொடுத்திருக்கிறேன். கிழக்குப் பக்கத்து ஓடுகளை மாற்றி, மழை ஒழுகாமல் செய்து கொடுங்கள். விளக்கு, ஒரு குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. தாழ்ப்பாளை வலியுறுத்தி எழுதுகிறேன். அது இல்லாததால் வகுப்புக்கு வருவதை நிறுத்திய பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். தரைக்குப் பளபளக்கும் ஓடு பதிக்க வேண்டாம். வண்ணம் சிந்தும், களிமண் ஒட்டும். இப்போதிருக்கும் சிமென்ட் தரையே போதும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி எழுத்தில் வேண்டும். ஏலம் விட்டு யாருக்கும் குத்தகைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நுழைவுச் சீட்டு வைத்தால் யாருக்காகக் கேட்கிறேனோ அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். திறப்பு விழாவுக்கு நீங்கள் வர வேண்டும் என்பது என் ஆசை. வந்தால் கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்குப் பதிலாக, உள்ளே வந்து ஒரு தாளில் எதையாவது வரைந்து கொடியில் மாட்டிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் அதை நெடுநாள் வைத்திருப்பார்கள்.

கோட்டைக்குள் இடம் இருக்கிறதே, அருங்காட்சியகம் இருக்கிறதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். நடுகல்லின் முன் அவர்கள் வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அது பார்க்கும் இடம். கோட்டையோ பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அதன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நானே விடமாட்டேன். எனக்கு வேண்டியது சிந்தலாம், கிறுக்கலாம், தப்பாகச் செய்யலாம் என்கிற இடம். பள்ளியும் தொழிற்சாலையும் விட்ட பிறகு திறந்திருக்கும் இடம். நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். பஸ் ஏறிப் போக வேண்டிய கலைக்கூடத்துக்குச் சைதாப்பேட்டைச் சிறுமியைத் தனியாக அனுப்ப மாட்டார்கள்.

பாதுகாப்புக்கு ஆள் போட முடியாது என்பீர்கள். ஆள் வேண்டாம். மாமல்லபுரத்தில் ஆள் இல்லை, ஆணி ஒன்றுதான் இருந்தது. தெருக்காரர்கள் ஏழு பேர் பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறோம், அதில் நான்கு பேர் பெண்கள். கூத்துக் கட்டும் வாத்தியார் ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து கட்டை செதுக்கக் கற்றுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வரவு செலவைத் தாழ்வாரத்துக் கரும்பலகையில் எழுதி வைப்போம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் பங்குக்கு இரண்டு மர அலமாரிகளும், 31 ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்த பிள்ளைகளின் படங்களும் தருகிறேன். சாயம் ஏறிய அந்தக் கைகளின் படமும் அதில் இருக்கிறது. அந்தப் பையன் இப்போது ஓட்டுநராக இருக்கிறான். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "சுவர் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன், டீச்சர். முதலில் அம்மா அங்கே வந்து பார்க்கட்டும்" என்று என்னிடமே விட்டு வைத்திருக்கிறான்.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழிச்சொல் உண்டு. நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கடைசிப் பழி 1981-இல் நீங்கியது. சத்துவாச்சாரியில் வைத்துக் காத்த லிங்கத்தை ஊர்மக்கள் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வெறுமையாகக் கிடந்த கட்டடத்துக்கு ஊர் மறுபடி போக ஆரம்பித்தது. அன்று கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். பூட்டிக் கிடக்கும் இந்தப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து விவாதிக்க வேண்டுகிறேன். யார் அழைத்தாலும், எந்த நேரத்தில் அழைத்தாலும் வந்து கட்டடத்தைக் காட்டுகிறேன். சாவி எந்த அலுவலக மேசையில் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது எங்கே தொங்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பள்ளிக்கு நேர் எதிரே பூக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேசினேன். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடுகிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். நான் சொல்லி முடிக்கும் முன்பே, கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். தராசுக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், ஆணி அடித்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை